சூளைக் கணக்கு: வறுமை எங்கே உரிமை மீறலாகிறது?

பொங்கல் கழிந்து தொடங்கும் செங்கல் அறுப்பு, ஆனி ஆடியில் மழை இறங்கியதும் நின்றுவிடும். அதன் பிறகு கணக்குப் பார்ப்பார்கள். மேஸ்திரியின் கையில் ஒரு நோட்டு இருக்கும். எத்தனை ஆயிரம் கல், எத்தனை வாரச் செலவு, எவ்வளவு கழிவு என்று அவர் வாசிப்பார். கல் அறுத்த குடும்பத்திடம் எந்த நோட்டும் இருக்காது. வாசித்து முடித்ததும் "முன்பணத்துல இன்னும் இவ்வளவு பாக்கி, தை பிறந்ததும் வந்துடுங்க" என்பார். அந்தப் பாக்கிதான் அடுத்த பருவத்துக்கான பூட்டு. கொத்தடிமை முறை இன்று இப்படித்தான் இருக்கிறது.

வறுமையை நாம் பெரும்பாலும் வருமானத்தால் அளக்கிறோம். உலக வங்கி 2025 ஜூனில் கொடும் வறுமைக்கான கோட்டை நாளொன்றுக்கு ஆளுக்கு 3 டாலர் என்று உயர்த்தியது (நாடுகளுக்கிடையேயான விலை வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிடும் டாலர் அது). அந்த அளவுகோல் தேவைதான், அதற்குத் தெரியாத விஷயங்களும் இருக்கின்றன. மருத்துவச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ 60,000 ரூபாய் முன்பணம் வாங்கிய குடும்பம், அந்த மாதத்துக் கணக்கில் கோட்டுக்கு மேலேகூட நிற்கலாம். ஆனால் அடுத்த ஆறு மாதம் சூளையை விட்டு வெளியே போகவோ, பக்கத்துச் சூளையில் அதிகக் கூலி கிடைத்தால் மாறவோ அவர்களால் முடியாது. "முடியாது" என்று சொல்லும் வலுவையே இழந்து நிற்கும் வறுமை அது. அதை உரிமைப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டியதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2012 செப்டம்பரில் ஏற்றுக்கொண்ட, கொடும் வறுமையும் மனித உரிமைகளும் குறித்த வழிகாட்டு நெறிகள் இதையே பேசுகின்றன. வருமானக் குறைவு, கல்வி உடல்நலம் போன்றவற்றில் பின்தங்கல், சமூக விலக்கம் மூன்றும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும் நிலையே கொடும் வறுமை என்கின்றன அவை. ஏழைகளை உதவி பெறுவோராக அல்லாமல் உரிமை உடையவர்களாக நடத்த வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. இந்த நெறிகள் எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. இந்தியா 1979 ஏப்ரலில் இணைந்த இரண்டு பன்னாட்டு உடன்படிக்கைகளோ கட்டுப்படுத்தும். அவற்றுள் பொருளாதார, சமூக உரிமைகளுக்கான உடன்படிக்கை உணவு, உடை, வீடு ஆகியவற்றை இருக்கும் வளத்துக்கு ஏற்பப் படிப்படியாக நிறைவேற்ற இடம் தருகிறது. "நிதி இல்லை, மெதுவாகச் செய்கிறோம்" என்று அரசு சொல்லக்கூடிய இடம் அது. கட்டாய உழைப்பைத் தடுப்பது இன்னொரு உடன்படிக்கையில், குடிமை அரசியல் உரிமைகளின் கீழ் வருகிறது. அதற்கு மெதுவாக என்ற பேச்சே கிடையாது. நமது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அப்படித்தான். அது அரசை மட்டுமின்றித் தனியாரையும் கட்டுப்படுத்தும் உரிமை.

ஆகவே கொத்தடிமை முறையில், மற்ற வறுமைகளில் மங்கலாக இருக்கும் மூன்று விஷயங்கள் துலங்கித் தெரிகின்றன: உரிமையைப் பறித்தவர் யார், பதில் சொல்ல வேண்டிய அதிகாரி யார், பரிகாரம் என்ன. பரிகாரம் ஏன் கைக்கு வந்து சேர்வதில்லை என்பதையும் படிப்படியாகப் பின்தொடர முடியும்.

முன்பணம் எப்படித் தீராமல் இருக்கிறது

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணவன், மனைவி இருவர். முன்பணம் 60,000 ரூபாய். இருவரும் சேர்ந்து நாளுக்கு 1,000 கல் அறுக்கிறார்கள். ஆயிரத்துக்கு 700 ரூபாய் பேச்சு. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் 4,200 ரூபாய். அதில் 1,500 ரூபாயை வாரச் செலவுக்குக் கையில் கொடுத்துவிட்டு மீதியை முன்பணத்தில் கழிக்கிறார்கள். 24 வாரத்தில் 64,800 ரூபாய் கழிந்திருக்க வேண்டும். கடனும் தீர்ந்து, கையில் 4,800 ரூபாயோடு ஊர் திரும்ப வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்லித்தான் மேஸ்திரி ஆள் பிடிக்கிறார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும்.

இப்போது பருவத்தின் நடுவில் நடப்பவற்றைச் சேர்ப்போம். திடீர் மழையில் இரண்டு வாரம் வேலை இல்லை. நனைந்து கரைந்த பச்சைக் கல்லுக்குக் கூலி கிடையாது. மனைவிக்குக் காய்ச்சல், அதில் ஒரு வாரம் போகிறது. ஆஸ்பத்திரிக்கு இடையில் 5,000 ரூபாய் வாங்குகிறார்கள். உடைசல், கோணல் என்று நூற்றுக்கு ஐந்து கல்லைக் கழிக்கிறார்கள். 21 வாரக் கூலி 88,200. கழிவு போக 83,790. வேலை இல்லாவிட்டாலும் சாப்பிட வேண்டுமே, 24 வாரச் செலவு 36,000. ஆஸ்பத்திரிக் காசையும் எடுத்துவிட்டால் கடனில் கழிவது 42,790 ரூபாய்தான். பாக்கி 17,210. யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை, வட்டி போடவில்லை, இருந்தும் கடன் நிற்கிறது. முதலாளிக்குப் பதில் மழையின் நட்டத்தையும் நோயின் நட்டத்தையும் சுமப்பவர் தொழிலாளி என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அச்சாணி. நோட்டு மேஸ்திரியிடம் இருப்பதால் பொய்க்கணக்கும் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு கணக்கும் இதில் ஒளிந்திருக்கிறது. இருவருக்கு 700 என்றால் ஆளுக்கு 350. விடியலுக்கு முன் எழுந்து மண் குழைப்பதில் தொடங்கி 12 மணி நேரம் உழைத்தால், 8 மணி நேரத்துக்கு விழும் கூலி சுமார் 233 ரூபாய். கல் திருப்பிப் போட்ட பிள்ளையின் உழைப்பு இதில் வரவே இல்லை. சட்டப்படி இந்த எண் மிக முக்கியமானது, ஏன் என்று கீழே வரும்.

யார் இப்படிப் போய் மாட்டுகிறார்கள்? வட தமிழகத்தில் அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டு, கரி சுடுதல் ஆகியவற்றில் அதிகம் சிக்குபவர்கள் இருளர்கள். மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் வகைப்படுத்தப்பட்ட ஆறு இனங்களில் ஒன்று அது. காட்டுக்கும் ஏரிக்கும் போகும் வழி அடைபட்ட பிறகு நிலமும் இல்லை, பட்டாவும் இல்லை. வங்கி கடன் தராது, சொந்தக்காரரும் அதே நிலை. சாவுச் செலவுக்கோ பிரசவத்துக்கோ அன்றே பணம் தரக்கூடிய ஒரே ஆள் மேஸ்திரி. திருவள்ளூர் வட்டாரச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே நுவாகாய் என்னும் புத்தரிசித் திருவிழா சமயத்தில், கையில் காசில்லாத ஆவணி, புரட்டாசியில், முன்பணம் கொடுக்கப்படுகிறது. கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று கூட்டாகத்தான் ஆள் எடுப்பார்கள். முன்பணம் அந்தக் கூட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல. பிள்ளையின் உழைப்பு பேசும்போதே விலையில் சேர்ந்துவிடுகிறது.

சட்டம் சொல்வது என்ன

கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறி, 1975 அக்டோபர் 25 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. சங்கிலி, பூட்டு, சவுக்கு எதையும் அது கேட்கவில்லை. முன்பணம், வழக்கம், பரம்பரைக் கடமை, குறிப்பிட்ட சாதியில் பிறந்தது என ஏதோ ஒன்றின் பேரில் ஒருவர் உழைக்கிறார்; அதனால் நான்கில் ஒன்றை இழந்திருக்கிறார். கூலியே இல்லை அல்லது பெயரளவுக் கூலி. வேறு வேலைக்குப் போகும் உரிமை இல்லை. நாட்டில் விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை இல்லை. தன் உழைப்பின் விளைவைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை இல்லை. இந்த நான்கில் ஒன்று போதும். பெயரளவுக் கூலி என்பதற்குச் சட்டம் தரும் பொருள், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே என்பதே. மேலே போட்ட 233 ரூபாய்க் கணக்கு இங்கேதான் பேசும்.

1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியின்றி ஒப்புக்கொள்ள வைத்தால் அதுவும் பலவந்தமே என்றது. வறுமையையும் உரிமையையும் இணைத்து இந்திய நீதிமன்றம் சொன்னவற்றில் இதைவிட ஆழமானது குறைவு என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டு டிசம்பரில், ஃபரிதாபாத் கல்குவாரிகள் பற்றிய பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் இன்னொரு படி மேலே போனது. கட்டாய உழைப்பு நடந்தது என்று காட்டினால் போதும். அது முன்பணத்துக்காகத்தான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும், இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் வேலை. சட்டத்தின் 15ஆம் பிரிவும் கொத்தடிமைக் கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மேல்தான் வைக்கிறது.

இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது 6ஆம் பிரிவு. கொத்தடிமைக் கடன் முழுவதும் ஒழிந்தது, அதை வசூலிக்க எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. தள்ளுபடி, தவணை, சமரசம் எதுவும் இல்லை. ஒழிந்த கடனுக்குப் பணம் வாங்கினால் 9ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. விடுவிக்கப்பட்டவர் குடியிருந்த வீட்டிலிருந்து அவரை வெளியேற்றக் கூடாது என்கிறது 8ஆம் பிரிவு. ஆலைக்குள்ளேயே குடியிருப்பவர்களுக்கு இது உயிர்நாடி. கொத்தடிமையாக வேலை வாங்கியதற்கான தண்டனையும் மூன்றாண்டு வரை சிறைதான், கூடவே 2,000 ரூபாய் வரை அபராதம். 1976இல் அது கனமான தொகை. இன்றும் அதே 2,000தான், ஜாமீனில் வரக்கூடிய குற்றம்தான்.

விசாரணை எங்கே தடம் புரள்கிறது

புகார் வந்ததும் மாவட்ட ஆட்சியரோ, அவர் சார்பில் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரோ போய் விசாரிக்க வேண்டும். முதல் தவறு இடத்தில் நடக்கிறது. சூளையிலேயே, முதலாளியும் மேஸ்திரியும் நிற்கும்போதே கேட்கிறார்கள். பதில் என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளர்களை அலுவலகத்துக்கோ வேறு பொது இடத்துக்கோ அழைத்து வந்து, குடும்பம் குடும்பமாகத் தனியே பேச வேண்டும். ஒடிசாக்காரர் என்றால் மேஸ்திரியை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. அது அடிக்கடி நடக்கிறது.

இரண்டாவது தவறு கேள்வியில். "அடிச்சாங்களா? கட்டி வச்சாங்களா?" என்று கேட்டால் பலரும் இல்லை என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். பழைய தஞ்சைப் பண்ணையாள் காலத்துப் படம் அதிகாரிகளின் மனத்தில் இருக்கிறது. இன்றைய கட்டு பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கப்படும் கட்டு. கேட்க வேண்டியவை வேறு. எவ்வளவு வாங்கினீர்கள், எப்போது? கடைசியாகக் கணக்குப் பார்த்தது எப்போது, நோட்டு யாரிடம்? நாளைக்கே வேறு சூளைக்குப் போகலாமா? சொந்தத்தில் சாவு என்றால் குடும்பம் முழுவதும் போக முடியுமா, யாரையாவது பொணையாக விட்டுவிட்டுப் போக வேண்டுமா? எத்தனை மணிக்கு எழுவீர்கள், எத்தனை கல்? இந்தப் பதில்களே சட்டம் கேட்கும் நான்கு இழப்புகளுக்கும் சான்று. கைநாட்டு வைத்த சம்பளப் பதிவேட்டை முதலாளி நீட்டினால், ஒரே மையில் ஒரே நாளில் எழுதப்பட்டதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் ஆகப் பெரிய கேடு: சமரசம். "கணக்கு முடிச்சு அனுப்பிடுறோம் சார்" என்று முதலாளி சொல்ல, வண்டி பிடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மனிதாபிமானமான தீர்வு போலவே தெரியும். ஆனால் விடுவிப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் கடன் ஒழிந்ததற்கு ஆதாரம் இல்லை, மறுவாழ்வுத் தொகை இல்லை, குற்ற வழக்கு இல்லை. அடுத்த தையில் அதே மேஸ்திரி அதே பாக்கியோடு வாசலில் நிற்பார்.

விடுவிப்புச் சான்றிதழ் ஆளுக்கு ஒன்று தர வேண்டும், பிள்ளைகள் உட்பட. குடும்பத் தலைவர் பெயரில் ஒன்று கொடுத்து முடித்தால் மனைவிக்கும் பிள்ளைக்கும் சேர வேண்டியது போய்விடும். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், சொந்த ஊர், வேலை வாங்கியவர் பெயர், வேலை செய்த காலம், எந்தச் சட்டத்தின் கீழ் விடுவிப்பு, கடன் ஒழிந்தது என்ற வாசகம் அனைத்தும் வேண்டும். வெறுமனே "மீட்கப்பட்டார்" என்று எழுதிய தாளால் பயனில்லை. ஆதார் அட்டையிலும் சான்றிதழிலும் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தாலும் வங்கிக் கணக்கில் பணம் நின்றுபோகும்.

பணம், வழக்கு, சாட்சி

மறுவாழ்வுக்கான மத்திய அரசுத் திட்டம் 1978இல் 4,000 ரூபாயோடு தொடங்கியது. 2016 மே மாதம் அது மாற்றியமைக்கப்பட்டது. ஆண் தொழிலாளிக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறார்க்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், கடத்தல் போன்ற கொடுமைக்கு உள்ளானவர்களுக்கும் திருநர்களுக்கும் 3 லட்சம். உடனடி உதவியாக 20,000 ரூபாய் வைத்திருந்தார்கள். 2022 தொடக்கத்தில் அது 30,000 வரை உயர்ந்தது. இந்த உடனடித் தொகைக்காக ஒவ்வொரு மாவட்டமும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதியத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

தொகைகள் போதுமா என்பதை விட, அவை வரும் வழிதான் கவலைக்குரியது. முழுத் தொகை குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு இணைக்கப்பட்டது. பொய்யான பயனாளிகளைத் தடுக்கவே இந்த நிபந்தனை. நடப்பது என்ன? தண்டனை கிடைக்கத் தொழிலாளி சாட்சி சொல்ல வேண்டும். வழக்கு ஆண்டுக்கணக்கில் நகரும். அதுவரை அவர் ஊரில் இருக்க வேண்டும், இருக்க வருமானம் வேண்டும், வருமானத்துக்கான தொகையோ தண்டனைக்குப் பிறகுதான். 30,000 ரூபாய் சில மாதங்களில் தீர்ந்ததும் குடும்பம் வேறு சூளைக்குப் புறப்படுகிறது. சம்மன் வரும்போது வீடு பூட்டியிருக்கும். சாட்சி வரவில்லை, வழக்கு விடுதலையில் முடிகிறது, தொகையும் முடிந்தது. வறுமையின் காரணமாகவே வறுமைக்கான பரிகாரத்தை இழக்க வைக்கும் இந்த வட்டத்தைத் திட்டம் வகுத்தவர்கள் கவனித்திருக்க வேண்டும். விடுவித்த பின் மறுவாழ்வு தராவிட்டால் அவர்கள் மறுபடியும் அடிமைத்தனத்துக்கே தள்ளப்படுவார்கள் என்று 1984இல் நீரஜா சௌத்ரி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்திருந்ததே.

இதை ஓரளவு சமாளிக்க வழி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவையும் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்க வேண்டும். கொத்தடிமை வேலை வாங்குவது அதில் தனிக் குற்றம். நிவாரணம் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை என்று கட்டம் கட்டமாக வருவதால் முழுவதும் தீர்ப்புக்குக் காத்திருக்காது. ஆசை காட்டியோ ஏமாற்றியோ அழைத்து வந்திருந்தால் ஆள் கடத்தல் பிரிவும் பொருந்தும், அதற்குக் குறைந்தது ஏழாண்டு சிறை. இந்தப் பிரிவுகளை விட்டுவிட்டு 1976 சட்டத்தை மட்டும் போட்டால் குற்றவாளி அன்று மாலையே வெளியே வந்துவிடுவார்.

ஆனால் இருளர் ஒருவர் பழங்குடியினர் என்று காட்டச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் தரும் அதிகாரம் வட்டாட்சியரிடம் இல்லை, கோட்டாட்சியரிடம் இருக்கிறது. விடுவிப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவரும் பெரும்பாலும் அவரே. ஒரே மேசையில், ஒரே வாரத்தில் இரண்டையும் கொடுத்துவிடலாம். அதற்குப் பதிலாகத் தாத்தாவின் பள்ளிச் சான்று எங்கே, நிலப் பத்திரம் எங்கே என்று கேட்டு, பள்ளிக்கே போகாத, நிலமே இல்லாத குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் நடக்க விடுகிறார்கள். பிறப்புப் பதிவு, குடும்ப அட்டை, வீட்டுமனைப் பட்டா ஆகியவற்றுக்கும் இதே கதை. ஐ.நா. நெறிகள் அடையாள ஆவணங்களை அத்தனை வலியுறுத்தியதன் அர்த்தம் கோட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் அரை நாள் உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

எண்ணிக்கையும் பேசட்டும். 1.84 கோடி கொத்தடிமைகளை 2030க்குள் கண்டறிந்து மறுவாழ்வு தருவதாக மத்திய அரசு 2016இல் அறிவித்தது. 1978 முதல் விடுவிக்கப்பட்டதாக அரசுக் கணக்கில் இருப்போர் 3 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் 65,000க்கு மேல் தமிழ்நாட்டில். உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 1995இல் தமிழ்நாட்டில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல் என்றது. கணக்கெடுப்புக்கு மத்திய அரசு பணம் தருகிறது. கொத்தடிமை முறை இருக்கக்கூடும் என்று கருதப்படும் மாவட்டம் ஒவ்வொன்றிலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடத்தலாம். பருவம் முடிந்து சூளைகள் வெறிச்சோடிய ஆடி, ஆவணியில் எடுத்தால் யாரும் இருக்க மாட்டார்கள். மாசி, பங்குனியில், விடியற்காலை நான்கு மணிக்குப் போக வேண்டும். மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழுக்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சமூகப் பணியாளர்களுக்கு அதில் இடம் உண்டு. குழு கூடுகிறதா, கடைசிக் கூட்டத்தில் எத்தனை சூளைகளைப் பார்த்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு யாரும் கேட்கலாம்.

ஒடிசாவுக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு இன்னொன்று தேவை. உடனடித் தொகையை விடுவித்த மாவட்டமே, ரயில் ஏறும் முன் கொடுத்துவிட வேண்டும். மீதித் தொகைக்கும் வீட்டுமனைக்கும் சொந்த மாவட்டத்து ஆட்சியர்தான் பொறுப்பு. தமிழில் மட்டும் எழுதிய சான்றிதழோடு பலாங்கீரில் இறங்கினால் அங்கே அதைப் படிக்க ஆள் இருக்காது. ஆங்கிலப் படி ஒன்றைக் கையில் கொடுத்து, இன்னொன்றை அந்த மாவட்ட ஆட்சியருக்கு நேரடியாக அனுப்பி, அனுப்பிய கடித எண்ணையும் குடும்பத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த நுவாகாய்க்கு மேஸ்திரி வீடு தேடி வருவதற்குள் அந்தத் தாள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.